இரண்டும் 2014 வேகன் ஆர் என்றால் விலை ஏன் வேறு?

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் நாள்தோறும் யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து போவதற்காக ஒரு பாவித்த சுசுகி வேகன் ஆர் வாங்க எண்ணி, திருநெல்வேலியில் ஒன்றும் மானிப்பாயில் ஒன்றுமாக இரண்டு கார்களைப் பார்த்திருக்கிறார். இரண்டும் 2014 ஆம் ஆண்டில் செய்யப்பட்டவை, ஓடிய தூரமும் ஏறத்தாழ ஒன்றே. இருந்தும் இரண்டாவது காருக்குச் சொல்லப்பட்ட விலை நன்றாகக் கூடியிருக்கிறது. கேட்டால் "அது ஹைபிரிட்", அதாவது பெற்றோல் எஞ்சினுக்கு மின்மோட்டரும் உதவும் கார், என்கிறார்களாம். வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லாத இரண்டு கார்களுக்கு இடையில் அப்படி என்னதான் மாறியிருக்கிறது, அந்த மேலதிகப் பணத்தைக் கொடுக்கலாமா என்பதே அவர் அறிய விரும்புவது.

வேகன் ஆரை ஆண்டை வைத்து மதிப்பிடக் கூடாது. சேசிஸ் இலக்கத்தின் தொடக்கத்தில் உள்ள குறியீட்டை வைத்தே மதிப்பிட வேண்டும். நீங்கள் பார்த்த முதலாவது கார் எம்எச்34எஸ் ஆகவும், இரண்டாவது எம்எச்44எஸ் ஆகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2014 ஆகஸ்ட் மாதத்தில்தான் இந்த இரண்டாவது குறியீடு பிறந்தது. ஆகவே 2014 என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு கார்கள் அடங்கியிருக்கின்றன. 2017 ஆம் ஆண்டிலும் இதே குழப்பம் உண்டு. அந்த ஆண்டு பெப்ரவரியில் புதிய தலைமுறை வந்துவிட்டதால், 2017 என்று விளம்பரப்படுத்தப்படும் கார் பழைய உடலோடும் இருக்கலாம், புதிய உடலோடும் இருக்கலாம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் இலக்கம் முழுமையாக எழுதப்பட்டிருக்கும், அதன் முதல் ஐந்து எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

இந்தக் குறியீடுகளின் பொருள் விளங்க வேண்டுமானால், இந்தக் காரை ஆக்கிய சட்டத்தை முதலில் அறிய வேண்டும். ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வாகன வகுப்பு இருக்கிறது. மஞ்சள் இலக்கத் தகடும் குறைந்த வரியும் கொண்ட அந்த வகுப்புக்குள் நிற்க வேண்டுமானால், நீளம், அகலம், உயரம், எஞ்சினின் கொள்ளளவு ஆகிய நான்கும் சட்டம் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது. 1990 இல் எஞ்சின் எல்லை 660 சிசி ஆகவும் நீளம் 3.3 மீற்றர் ஆகவும் உயர்த்தப்பட்டன. 1998 ஒக்ரோபரில் நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர் என்று மறுபடியும் விரிக்கப்பட்டது. உயரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரை தாராளமாக இடம் விடப்பட்டிருந்தது. வேகன் ஆர் என்ற கார் அந்தத் தாராளத்தைக் கண்டுகொண்ட பார்வையிலிருந்து பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

1993 செப்ரெம்பரில் வெளிவந்த முதலாவது வேகன் ஆரின் உயரம் 1640 மில்லிமீற்றர். அக்காலத்துச் சிறுகார்களின் கூரை அதைவிட ஒரு சாணளவு தாழ்ந்திருந்தது. நீளத்தில் இடம் கிடைக்காதபோது மனிதரை நிமிர்த்தி உட்கார வைத்தால் முழங்காலுக்கு இடம் தானாகக் கிடைக்கும் என்பதே அந்த வடிவமைப்பின் உள்ளறிவு. கதிரையில் உட்காருவதுபோல ஏறி இறங்கலாம், குனிய வேண்டியதில்லை. மூட்டு வலியோடு இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு முறை இதில் ஏறினால் பிறகு வேறு காருக்குள் குனிந்து ஏற விரும்பாததன் காரணமும் அதுவே. அந்த முதற் காரில் ஓட்டுநர் பக்கம் ஒரு கதவும், எதிர்ப்பக்கம் இரண்டு கதவுகளும் இருந்தன. ஜப்பானிலும் எங்களைப் போலவே இடப்பக்கமாக ஓட்டுவதால், பின்னால் இருப்பவர்கள் வீதியின் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்குவார்கள். எனினும் பலர் இரு பக்கமும் கதவு வேண்டும் என்றே விரும்பினர், 1996 இல் ஐந்து கதவுக் காரும் சேர்க்கப்பட்டது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய மொழியில் 'அரு' என்றால் 'இருக்கிறது' என்று பொருள். அந்த ஒலி ஆங்கில எழுத்தான 'ஆர்' என்பதன் ஜப்பானிய உச்சரிப்புக்கு மிக நெருங்கியது. "செடானும் இருக்கிறது, வேகனும் இருக்கிறது" என்ற சொல் விளையாட்டிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்றும், அதைச் சொன்னவர் அந்நாளில் சுசுகியை நடத்திய ஒசாமு சுசுகி என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் 2024 டிசெம்பரில் தமது 94 ஆவது வயதில் காலமானார். சிறுகார் என்றால் வறியவனின் கார் என்ற எண்ணத்தை மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

1998 ஒக்ரோபரில் இரண்டாவது தலைமுறையும், 2003 செப்ரெம்பரில் மூன்றாவதும் வந்தன. இரண்டாவது தலைமுறை புதிய சட்ட அளவுக்கு உடலை விரித்தது. மூன்றாவது அந்த உடலை உறுதியாக்கியது. 2007 பெப்ரவரியில் 'ஸ்ரிங்ரே' என்ற முகம் சேர்ந்தது. எங்கள் ஊரில் ஸ்ரிங்ரே என்பதை வேறொரு கார் போலப் பேசுகிறார்கள், ஆனால் முன்பக்க விளக்கும் கிறிலும் அலங்காரமும்தான் வேறு, கீழே இருப்பது வேகன் ஆரே.

2008 செப்ரெம்பரில் வந்த நான்காவது தலைமுறையான எம்எச்23எஸ் இல் இருந்து கதை சுவையாகிறது. இரண்டாவது தலைமுறையிலிருந்து இன்றுவரை காரின் மொத்த நீளம் 3395 மில்லிமீற்றர்தான், சட்டம் அதற்கு மேல் விடாது. ஆனால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். மூன்றாவது தலைமுறையில் 2360 மில்லிமீற்றராக இருந்தது நான்காவதில் 2400 ஆகவும், ஐந்தாவதில் 2425 ஆகவும், ஆறாவதில் 2460 ஆகவும் வளர்ந்தது. வெளியே ஒரு மில்லிமீற்றர்கூடக் கூடாமல், சில்லுகளை மூலைகளுக்குத் தள்ளித் தள்ளி, உள்ளே 10 சென்ரிமீற்றரைத் தேடி எடுத்திருக்கிறார்கள். பின் ஆசனத்தில் உங்கள் தாயார் கால் நீட்டி இருக்கும்போது அவருக்குக் கிடைக்கப் போகும் வசதி இந்த எண்களில் இருக்கிறது. சில்லுகள் விலகி நிற்பதால், குண்டும் குழியுமான உள்வீதிகளில் காரின் முன்பின் ஆட்டமும் குறைகிறது.

எஞ்சினிலும் இதே பொறுமையான வேலை நடந்தது. நான்காவது தலைமுறை வரை இருந்த கே6ஏ எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீற்றர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 60.4 மில்லிமீற்றர். அதன்பின் வந்த ஆர்06ஏ எஞ்சினில் விட்டம் 64 ஆகக் குறைந்து ஓட்டம் 68.2 ஆக நீண்டது. இரண்டுமே மூன்று சிலிண்டர், இரண்டுமே 658 சிசி. அகலக் கட்டையான சிலிண்டரை ஒடுங்கி நீண்டதாக மாற்றினால், எரியும் வாயுவின் வெப்பம் சுவரில் வீணாவது குறைகிறது, எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கிறது. இதனால் உச்ச வலு 54 குதிரைவலுவில் இருந்து 52 ஆகச் சற்று இறங்கியது. ஆனால் நகரத்துக்குள் ஓட்டும்போது நாம் உணர்வது உச்ச வலுவை அல்ல, இரண்டாயிரம் சுற்றில் கார் எப்படி நகர்கிறது என்பதையே.

இனி உங்களுடைய இரண்டு கார்களுக்கு வருவோம். 2012 செப்ரெம்பரில் வந்த ஐந்தாவது தலைமுறையே எம்எச்34எஸ். என் பார்வையில், 1993 க்குப் பிறகு வேகன் ஆர் கண்ட மிகப் பெரிய மாற்றம் இதுதான். உடலிலிருந்து 70 கிலோ வரை நிறை குறைக்கப்பட்டு, கார் 800 கிலோவுக்குள் வந்தது. அதோடு 'எனிசார்ஜ்' என்ற ஏற்பாடு சேர்ந்தது. சாதாரணக் காரில், விளக்குக்கும் வானொலிக்கும் மின்சாரம் செய்யும் ஒல்ரனேற்றரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இழுத்துச் சுற்ற வேண்டும், அதற்கும் பெற்றோல் செலவாகும். எனிசார்ஜ் செய்வது என்னவென்றால், நீங்கள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைக்கும் வேளையில் வீணாகப் போகும் இயக்கத்தைக் கொண்டு, முன் பயணி ஆசனத்தின் கீழ் உள்ள ஒரு சிறிய லிதியம் அயன் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிறது. மற்ற நேரத்தில் அந்தச் சேமிப்பு மின்சாரத் தேவைகளைத் தாங்குவதால், எஞ்சினின் முதுகிலிருந்து ஒரு சுமை இறங்குகிறது. இத்தனை இருந்தும் இது ஹைபிரிட் அல்ல. பற்றரி சில்லைச் சுற்ற உதவாது.

இதே காரில் பிறேக் பிடித்து வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கியதும், கார் முழுதாக நிற்க முன்னரே எஞ்சின் நின்றுவிடும். முதல் முறை ஓட்டுபவர்கள் எஞ்சின் பழுதாகிவிட்டது என்று பயப்படுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எஞ்சின் நின்றால் ஏசியின் கொம்பிரசரும் நிற்கும். அப்போதும் குளிர் காற்று வருவதற்காக, குளிரை உள்ளே தேக்கி வைக்கும் பொருளை ஏசியின் குளிர்விக்கும் பகுதிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் அந்தத் தேக்கம் விரைவில் தீர்ந்து, எஞ்சின் தானாக மறுபடி ஓடத் தொடங்கிவிடும். இது பழுதல்ல. ஜப்பானியச் சோதனை முறையில் இந்தக் காருக்கு லீற்றருக்கு 28.8 கிலோமீற்றர் என்று இருந்தது 2013 யூலையில் 30 ஆக உயர்த்தப்பட்டது. எங்கள் வெயிலிலும் எங்கள் வீதியிலும் ஏசியோடு 18 கிலோமீற்றர் கிடைத்தால் கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் கொள்வேன்.

எம்எச்44எஸ் இல் மாறியது ஒல்ரனேற்றர்தான். அது இருந்த இடத்தில், மின்சாரம் செய்வதோடு எஞ்சினைத் தொடக்கவும் தள்ளவும் வல்ல ஒரு மோட்டரை வைத்தார்கள். அதன் வலு 1.6 கிலோவாற், அதாவது இரண்டு குதிரைவலுவை ஒட்டியது. 52 குதிரைவலு எஞ்சினுக்கு அருகில் அது மிகச் சிறிய கை. வெளிவந்தபோது வேகம் எடுக்கும் வேளையில் ஆறு விநாடி வரை மட்டுமே தோள் கொடுத்தது. ஆகவே 'ஹைபிரிட்' என்ற சொல்லைக் கேட்டதும் டொயோட்டாவின் பிறியஸையும் அக்குவாவையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அவை எஞ்சினை நிறுத்திவிட்டு மின்சாரத்தில் மட்டும் ஓட வல்லவை, இது அப்படி ஓடாது. இதன் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. நின்ற எஞ்சினை மறுபடி தொடக்கும்போது ஸ்ராட்டரின் கறகற ஒலி இல்லை. பெல்ட்டின் வழியாக மோட்டர் சத்தமின்றி எஞ்சினைச் சுழற்றிவிடும். ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பத்தடிக்கு ஒரு முறை நின்று நகரும்போது, 34 க்கும் 44 க்கும் உள்ள வேறுபாடு காதுக்குத்தான் முதலில் தெரியும்.

2017 பெப்ரவரியில் வந்த ஆறாவது தலைமுறையின் ஹைபிரிட் காரான எம்எச்55எஸ் இந்தக் கையைப் பலப்படுத்தியது. அடித்தளமே புதியது. மோட்டர் 2.3 கிலோவாற் ஆனது, பற்றரியும் பெரிதானது, உதவி 30 விநாடி வரை நீண்டது, மெதுவாக ஊரும்போது பத்து விநாடி வரை மின்சாரத்தில் மட்டும் நகரவும் முடிந்தது. வேகத்தைக் கண்ணுக்கு நேரே காட்டும் திரையும், கமராவும் லேசரும் சேர்ந்து முன்னால் தடை கண்டால் பிறேக் பிடிக்கும் ஏற்பாடும் சில கார்களில் உண்டு. அப்படியான காரில் முன் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால், கமரா மறுபடி சீராக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். பின் கதவுகளில் நனைந்த குடையைச் செருகி, நீர் வெளியே வடிந்து போகச் செய்த குழாயைக் கண்டபோது எனக்கு அந்த வடிவமைப்பாளர்கள்மேல் தனி மரியாதை வந்தது. மாரியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எவருக்கும் அதன் அருமை புரியும்.

காரின் வசதித் தரத்தைக் குறிக்கும் எழுத்துகளில் ஒரு பொறியும் இருக்கிறது. "எப்எக்ஸ் என்றால் ஹைபிரிட் இல்லை, எப்இசட் என்றால் ஹைபிரிட்" என்று எங்கள் சந்தையில் ஒரு வாய்பாடு உண்டு. 2014 காருக்கு அது சரி. 2017 தலைமுறையில் எப்எக்ஸும் ஹைபிரிட் ஆகிவிட்டது, ஹைபிரிட் இல்லாதது எப்ஏ என்ற எளிய கார்தான், அதன் குறியீடு எம்எச்35எஸ். ஆகவே எழுத்தையும் நம்பாமல் குறியீட்டையே பாருங்கள். மஸ்டா பிளேயர் என்று விற்கப்படுவதும் இதே காரே, எம்எச் என்பதற்குப் பதிலாக எம்ஜே என்று இருக்கும், எண்கள் ஒன்றே. சிலர் பெயருக்காக அதைக் குறைத்து மதிப்பதால் நல்ல பிளேயர் ஒன்று மலிவாகக் கிடைப்பதும் உண்டு. இந்தியாவில் செய்யப்படும் வேகன் ஆர் அப்படியல்ல. 1999 முடிவில் 1.1 லீற்றர் எஞ்சினோடு தொடங்கிய அது தனி வழியில் வளர்ந்த கார், உதிரிப்பாகங்களை இதற்கும் அதற்கும் மாற்றிப் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

ஜப்பானில் இதன்பின் எஞ்சின் மறுபடி ஒடுங்கி நீண்டு, 61.5 க்கு 73.8 மில்லிமீற்றர் என்ற ஆர்06டி ஆனது. உச்ச வலு 49 குதிரைவலு. அந்தக் கார்கள் எங்கள் வீதிகளில் நெடுங்காலம் அரிதாக இருந்தன, ஏனெனில் 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியே பத்து வயது தாண்டிய கார்களுக்கும் இவ்வளவு விலை சொல்லப்படுவதன் காரணம். இடையில் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் அட்டைக்குப் பங்கிட்டுப் பெற்றோல் தந்த நாட்களில், காருக்கு வாரம் 20 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும் கார் வைத்திருந்தவர் அந்த ஒரு வாரப் பங்கில் ஏறத்தாழ கொழும்பு வரை போய்ச் சேரலாம் என்ற கணக்கு, சிறுகாரை ஏளனமாகப் பார்த்த பலரின் மனத்தையும் மாற்றியது.

"இவ்வளவு மின்சார வேலை உள்ள காரை எங்கள் ஊரில் யார் திருத்துவது?" என்ற உங்கள் அச்சம் நியாயமானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்க்கால எரிபொருள் தடைக்குள் இருந்தபோது, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் இந்த ஊரின் கைகள். கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடிய கார்களை நேசித்த ஊர், கணினியில் பார்த்தால்தான் நோய் தெரியும் காரைச் சந்தேகிப்பது இயல்பே. இப்போது ஸ்கானர் வைத்திருக்கும் கராஜ்கள் நகரத்தைச் சுற்றிப் பல உள்ளன, லிதியம் பற்றரியும் பிறியஸின் பற்றரியைப் போல் பெரியது அல்ல. நான் கண்டவரை, இந்தக் கார்களைக் கெடுப்பது மின்சாரம் அல்ல, தவறான ஓயில். இந்த எஞ்சின் மெல்லிய ஓயிலுக்காகச் செய்யப்பட்டது. படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாகத் தானே மாறும் இதன் சீவிரி கியர்ப் பெட்டிக்கு அதற்கென்றே உள்ள ஓயில் வேண்டும், சாதாரண ஓட்டோ கியர் ஓயிலை ஊற்றினால் பெட்டி நாளடைவில் அழிந்துபோகும். முன்னால் உள்ள பற்றரியும் அடிக்கடி நின்று தொடங்கும் வேலைக்கென்றே செய்யப்பட்ட வகையாக இருக்க வேண்டும். மலிவுக்காகச் சாதாரணப் பற்றரி போடப்பட்டிருந்தால், எஞ்சின் தானாக நிற்பதே நின்றுவிடும். விற்பவர் அதைத் 'தேவையில்லாத வசதி' என்று சொல்லிச் சமாளிப்பார்.

இனிக் கணக்கு. நீங்கள் ஒரு நாளில் போய்வர 30 கிலோமீற்றர் அளவு, மாதத்தில் 22 பாடசாலை நாள் என்றால் 660 கிலோமீற்றர். 34 க்கு லீற்றருக்கு 18 என்று வைத்தால் ஏறத்தாழ 37 லீற்றர் வேண்டும். சோதனை எண்களின்படி 44 இன் 32.4, 34 இன் 30 ஐ விட எட்டு வீதம் கூட. அந்த எட்டு வீதத்தை அப்படியே கொடுத்தாலும் 34 லீற்றர் வரும். மாதம் மூன்று லீற்றர்கூட மிச்சமில்லை. உங்கள் வழியில் கைதடி, நாவற்குழி, அரியாலை என்று பெரும்பகுதி நிற்காமல் ஓடும் ஏ9 வீதி என்பதால், நின்று தொடங்குவதில் சேமிக்கும் கார் காட்டக்கூடிய திறமைக்கு அங்கே இடமும் குறைவு. அந்த மேலதிக விலையைப் பெற்றோலில் ஈட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே திருநெல்வேலிக் காரை முதலில் நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடித்தளத்தில் துரு இருந்தால் அது ஜப்பானின் பனி வீதிகளில் உப்புத் தூவிய இடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம், அல்லது இங்கே காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்றில் நின்றதாக இருக்கலாம். மேல் துரு பரவாயில்லை, சஸ்பென்சன் பிடிக்கும் இடங்களில் இரும்பு உதிர்ந்தால் வேண்டாம். முன் பயணி ஆசனத்தின் கீழ் விரிப்பைத் தூக்கி, மாரி வெள்ளம் ஏறிய சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், பற்றரி அங்கேதான் இருக்கிறது. பிறகு ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நகரத்துக்குள் ஓட்டி, எஞ்சின் தானாக நின்று தானாகத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் அந்த 34 ஐயே எடுங்கள். ஏதாவது ஒன்று தவறினால் மானிப்பாய்க் காரை இதே முறையில் பாருங்கள். அதில் கூடுதலாகப் பெல்ட் புதியதா என்று மட்டும் கேளுங்கள், ஏனெனில் அந்த மோட்டர் எஞ்சினைத் தொடக்குவதும் தள்ளுவதும் அந்தப் பெல்ட்டின் வழியாகத்தான்.